ஆவடி வீட்டு வரியில் மாநில வளர்ச்சி விகிதம்

அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. கெடு நெருங்க நெருங்க அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களின் கடிதங்கள் குவிகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: 2022இல்தானே வரியை ஏற்றினார்கள், பிறகு எதற்கு ஆண்டுதோறும் 6 சதவீதம் என்கிறார்கள்?

2022 ஏப்ரலில் பழைய சென்னையின் குடியிருப்புகளுக்கு 50 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. 2011இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூருக்கும், 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கும், நகராட்சியான பூந்தமல்லிக்கும் 25 முதல் 100 சதவீதம். பழைய சென்னையோடு ஒப்பிட்டால் இது சலுகைதான். ஆனால் அதோடு வந்த விதியில் சலுகை எதுவும் இல்லை. ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது மாநில உள்நாட்டு உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரி உயரலாம். 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது இதை வைத்துத்தான். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டுபவர், 6 சதவீதம் தவறாமல் ஏறினால், ஐந்தாண்டு கழித்து 2,676 ரூபாய் கட்டுவார்.

இந்த விதியின் வேர் டெல்லியில் இருக்கிறது. 15ஆவது நிதிக் குழு (2021–26) பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத் தொகுப்புகளுக்கு 38,196 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 12,139 கோடி காற்றின் தரத்துக்கு, 26,057 கோடி குடிநீர், கழிவுநீர், குப்பைக்கு. முழுத் தொகையும் இலக்கை எட்டினால்தான். ஆவடியும் பூந்தமல்லியும் சென்னைத் தொகுப்புக்குள் வருவதால் இலக்கு எல்லோருக்கும் பொது; தொகுப்பு முழுவதற்கும் பொறுப்பேற்க ஒரே ஓர் அமைப்பு. கூட்டுக் குடும்பத்தின் கடைக்குட்டிக்கும் கணக்குப் புத்தகம் பெரியண்ணன் கையில்.

நகர உள்ளாட்சிகள் மானியம் பெற அந்தக் குழு இன்னொரு நிபந்தனையும் விதித்தது: சொத்து வரி வசூலின் வளர்ச்சி, மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சிக்குக் குறையக் கூடாது. வரியை உயர்த்தியபோது தமிழக அரசு காட்டிய காரணமும் நிதிக் குழுதான்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். நிபந்தனை கேட்பது வசூலின் வளர்ச்சியை. வரி விகிதத்தின் உயர்வை அல்ல. வசூலைப் பெருக்க மூன்று வழிகள் உண்டு. விகிதத்தை ஏற்றலாம், பாக்கியை வசூலிக்கலாம், வரி போடாமல் விட்ட கட்டடங்களைப் பட்டியலில் சேர்க்கலாம். அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கும் ஆவடியில் மூன்றாவது வழியே பெரும்பகுதி இலக்கை எட்டிவிடக்கூடும். தொழிற்பேட்டைக் கொட்டகைகள் ஐ.டி. கட்டடங்களாக மாறும் அம்பத்தூருக்கும் அப்படியே. ஆனால் அளவெடுக்க ஆள் வேண்டும், அரசியல் துணிவு வேண்டும். விகிதத்தை ஏற்ற ஒரு தீர்மானம் போதும். ஒழுங்காகக் கட்டுபவர் கூடுதலாகக் கட்டுவார். பட்டியலிலேயே இல்லாதவருக்கு 6 சதவீதம் என்றாலும் பூஜ்யம்தான்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. நேற்றுவரை சோம்பேறித்தனமாக வசூலித்த ஊருக்கு வளர்ச்சி காட்டுவது எளிது. நூறு சதவீதம் வசூலித்துவிட்ட ஊர் எங்கே போய் வளர்ச்சியைத் தேடும்? விலைவாசி உயர்வை நீக்கிய பிறகும் 2024–25இல் மாநிலம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று அரசு பெருமைப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலையும் ஓசூர் மின்னணு ஆலையும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆனால் இத்தகைய ஆண்டுகளின் சராசரியோடு ஓடச் சொல்வது, ஓய்வூதியத்தில் வாழும் ஆவடிக்காரரின் வரிச் சீட்டை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சென்னை மாமன்றத் தீர்மானம் ஆவடியைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது, ஆவடிக்குத் தனி மன்றம். ஆனால் சட்டம் பொது.

அம்பத்தூரில் யாரிடம் கட்டுவது? சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலத்தில்.

குடிநீர் வரி இதில் சேர்ந்ததா? சென்னை மாநகராட்சிப் பகுதியில் சேராது, தனி.

வரி கூடினால் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வருமா? அப்படி எந்த விதியும் எழுதப்படவில்லை.

ஊக்கத்தொகையை விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய கையோடு, உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் எழுத்து மூலம் ஒன்று கேளுங்கள்: கடந்த ஆண்டு கூடுதலாக வந்த வசூலில், புதிதாகப் பட்டியலில் சேர்ந்த கட்டடங்களின் பங்கு எவ்வளவு?