30 ரூபாய்க் குமாஸ்தா

1912-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி.

சென்னைத் துறைமுக ஆபீசில் ஒரு புதிய குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். வயது 24. சற்றுக் குட்டையான, பருத்த உடம்பு. பளிச்சென்று ஒளி வீசும் கண்கள். மெட்ரிகுலேஷன் தேறியவர். கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. கணக்குப் பிரிவில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அவர் பெயர் ராமானுஜன்.

ஆம், கணித மேதை என்று இன்று உலகம் போற்றும் அதே ராமானுஜன்தான்!

மேதை ராமானுஜனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வேலை தேடிச் சென்னைக்கு வந்து, 30 ரூபாயில் குடித்தனம் நடத்திய ராமானுஜனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால், அந்த 30 ரூபாயின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான்.

கும்பகோணத்து வீடு

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய வீடு.

தகப்பனார் சீனிவாச அய்யங்கார், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. சொற்பச் சம்பளம். அது போதாது. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போடுவார். இப்படித்தான் குடும்பம் நடந்தது.

பையன் கணக்கில் புலி. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினான். கல்லூரியில் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால், கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. மற்றப் பாடங்களில் தவறினான். உபகாரச் சம்பளம் நின்றது.

சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதை! 1906-ம் ஆண்டும் 1907-ம் ஆண்டும் எப்.ஏ. பரீட்சை எழுதினார். இரண்டு முறையும் தேறவில்லை.

கையில் பட்டம் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் இருந்தன. அவற்றில் பக்கம் பக்கமாகக் கணக்கு.

கல்யாணம் ஆயிற்று, வேலை?

1909-ம் ஆண்டு ஜூலை மாதம் ராமானுஜனுக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு வயது பத்து. அந்தக் காலத்து வழக்கம் அது.

இனிமேல் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் குடும்பம் நடக்குமா? ராமானுஜன் வேலை தேடிப் புறப்பட்டார்.

1910-ம் ஆண்டில் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, ஒரு குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன்.

ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டினார். அசந்துவிட்டார். ஆனால், வேலை கொடுக்கவில்லை!

கல் நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய அறிவை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

கலெக்டர் அனுப்பிய பணம்

சென்னையில் பேராசிரியர் சேஷு அய்யரைப் பார்த்தார் ராமானுஜன். அவர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

கலெக்டரிடம் ராமானுஜன் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பணம் கேட்டாரா? இரண்டும் இல்லை. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட வழி செய்தால் போதும் என்றார்.

கலெக்டர் நல்ல மனிதர். கணிதம் தெரிந்தவர். ராமானுஜன் சென்னையிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து வந்தார்.

சுமார் ஒரு வருடம் இப்படிப் போயிற்று. ராமானுஜன் எழுதிய கட்டுரை 1911-ம் ஆண்டு கணிதச் சங்கப் பத்திரிகையில் அச்சாகியது.

ஆனால், எத்தனை நாள் ஒருவருக்குப் பாரமாக இருப்பது? ராமானுஜனுக்கு அது பிடிக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்து உண்ண வேண்டும் என்று எண்ணினார்.

முதலில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் 20 ரூபாய். அந்த வேலை சில வாரங்களில் முடிந்துவிட்டது.

ஒரு விண்ணப்பம்

1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, திருவல்லிக்கேணியில் தாம் தங்கியிருந்த இடத்திலிருந்து துறைமுக ஆபீசுக்கு ராமானுஜன் ஒரு விண்ணப்பம் எழுதினார்.

ஆபீசில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எப்.ஏ. வரை படித்தேன், மேலே தொடர முடியவில்லை. இத்தனை நாளும் கணிதத்திலேயே காலம் செலவிட்டேன். வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது — இதுதான் அதன் சாரம்.

ஊரை விட்டு ஊர் வந்து வேலைக்கு மனுப் போட்ட எல்லாரும் எழுதுகிற மனுதான். கூடவே, மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்ற ஆங்கிலேயர் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் இருந்தது.

மூன்று வாரத்தில் வேலை கிடைத்துவிட்டது!

துறைமுகத்தில்

கணக்கைச் சரிபார்ப்பது, ரொக்க இருப்பைக் கணக்கிடுவது, இதுதான் வேலை. ராமானுஜனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு தம்முடைய கணக்கில் இறங்கிவிடுவார்.

பெரிய தொல்லை காகிதம்தான். 30 ரூபாய் சம்பளக்காரர் கட்டுக் கட்டாகக் காகிதம் வாங்க முடியுமா? ஒரு முறை எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையால் மறுபடியும் எழுதுவார். கப்பலில் வரும் சாமான்களைச் சுற்றியிருந்த காகிதத்தைத் துறைமுகத்தில் தேடிப் பொறுக்குவாராம்.

பெரும்பாலும் சிலேட்டுதான். துணி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை இருக்காது. முழங்கையாலேயே அழித்துவிடுவார். அழித்து அழித்து முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிற்று!

ராமானுஜன் அதிர்ஷ்டசாலி. அவருக்கு மேலே இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் என்ஜினீயர். அவருக்கு அடுத்த நிலையில் ஆபீசைக் கவனித்தவர் நாராயண அய்யர். அவரும் கணிதம் படித்தவர்.

ஒரு கதை சொல்வார்கள். ஒரு நாள் ஸ்பிரிங் துரை நாராயண அய்யரைக் கூப்பிட்டார். முக்கியமான ஆபீஸ் கட்டு ஒன்றில் கணக்குத் தாள்கள் கலந்திருந்தன. "ஆபீஸ் நேரத்தில் இதுதான் வேலையா?" என்று அதட்டினார். நாராயண அய்யர், "இது என் கையெழுத்து இல்லை, ராமானுஜன் எழுதியதாக இருக்கும்" என்றார். துரை சிரித்துவிட்டார். அது யார் எழுத்து என்று அவருக்கு முன்பே தெரியும்!

இரவில் சிலேட்டுச் சத்தம்

மாலையில் ஆபீஸ் விட்ட பிறகும் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். திருவல்லிக்கேணியில் நாராயண அய்யர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு பெரிய சிலேட்டு. நள்ளிரவு வரை எழுத்து ஓடும். சிலேட்டுக் குச்சியின் சத்தத்தில் அய்யரின் மகனுக்குத் தூக்கம் வராதாம்!

ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவார். நடுவில் உள்ள வழி மற்றவர்களுக்குப் புரியாது. படிப்படியாக எழுத வேண்டும், அப்போதுதான் உலகம் நம்பும் என்று நாராயண அய்யர் வற்புறுத்துவார். பட்டம் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி.

ராமானுஜன் பிறகு ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். பாட்டி உடன் இருந்தார். தாயாரும் மனைவி ஜானகியும் வந்து சேர்ந்தார்கள். 30 ரூபாயில் சென்னைக் குடித்தனம்!

காலையில் ஆபீசுக்குப் போகும் முன் கணக்கு. மாலையில் திரும்பி வந்ததும் கணக்கு. சில நாள் விடியற்காலை 6 மணி வரை விழித்திருப்பார். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, எழுந்து ஆபீசுக்கு ஓடுவார். இதைப் பிற்காலத்தில் ஜானகி அம்மாளே சொல்லியிருக்கிறார்.

சீமைக்குப் போன கடிதம்

தாம் கண்டுபிடித்தவை சரிதானா என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. ராமானுஜன் இங்கிலாந்துக்கு எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு கணித மேதைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி மூன்றாவது ஆளுக்கு எழுதினார். அவர் பேராசிரியர் ஹார்டி. கடிதத்தின் தொடக்கத்திலேயே தம் நிலையை மறைக்காமல் சொன்னார்: சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா; வருடச் சம்பளம் 20 பவுன்தான்.

ஹார்டி அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் சாதாரண ஆள் அல்ல என்று தெரிந்துகொண்டார். பதில் போட்டார்.

பதில் கண்டு ராமானுஜன் மகிழ்ந்தார். ஆனால், அடுத்த கடிதத்தில் அவர் எழுதியதைப் படித்தால் கண் கலங்கும். தாம் அரைப் பட்டினி கிடக்கும் மனிதன் என்றார். மூளையைக் காப்பாற்ற உணவு வேண்டும், அதுதான் முதல் கவலை என்றார். ஹார்டி ஒரு நல்ல வார்த்தை எழுதினால், உபகாரச் சம்பளம் கிடைக்க உதவும் என்று கேட்டுக்கொண்டார்.

சீமையின் பெரிய கணித மேதையிடம் ராமானுஜன் கேட்டது புகழ் அல்ல, சோறு!

75 ரூபாய்

காரியம் வேகமாக நடந்தது. வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, ராமானுஜனின் நோட்டைப் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார்.

ஆராய்ச்சி மாணவருக்குப் பட்டம் வேண்டுமே! ராமானுஜனிடம் அது இல்லை. இருந்தாலும் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 1913-ம் ஆண்டு மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால் போதும்.

துறைமுக ஆபீஸ் அவருக்கு விடுமுறை கொடுத்து அனுப்பியது. 14 மாதக் குமாஸ்தா வேலை முடிந்தது.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் வருடம் 250 பவுன் உபகாரச் சம்பளம். அதில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 1918-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

மிச்சப் பணம் யாருக்கு?

குளிரும், போர்க் காலமும், ஒத்துக்கொள்ளாத சாப்பாடும் ராமானுஜனின் உடம்பைக் கெடுத்தன. இந்தியாவுக்குத் திரும்பினாலும் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் சொல்லியது.

1919-ம் ஆண்டு ஜனவரி மாதம் ராமானுஜன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தமக்குத் தேவைக்கு மேல் என்றார். 50 பவுன் பெற்றோருக்கு; தம் அவசியச் செலவு போக மிஞ்சுவது ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும். அவர்களுடைய பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் அந்தப் பணம் பயன்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டைத் தேய்த்தவர் அல்லவா? இல்லாதவன் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

அந்த ஆண்டு தாய்நாடு திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

ஜானகியின் தையல் மெஷின்

அப்போது ஜானகிக்கு 21 வயது. குழந்தை இல்லை. பல்கலைக்கழகம் கொடுத்தது மாதம் 20 ரூபாய் உதவிச் சம்பளம். கணவர் முதன்முதலில் வாங்கிய சம்பளமும் அதேதான்!

ஜானகி சோர்ந்துவிடவில்லை. பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தபோது தையல் கற்றார். சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துணி தைத்துப் பிழைத்தார். பிறருக்கும் தையல் சொல்லிக் கொடுத்தார்.

1950-ம் ஆண்டில் அவருடைய தோழி ஒருவர் இறந்தார். தாயை இழந்த சிறுவனை ஜானகி அம்மாள் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். வளர்த்தார். பள்ளிச் சம்பளம் கட்டினார். புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பையன் படித்துப் பெரியவனாகி, உத்தியோகத்துக்கும் போனான்.

ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று 1919-ம் ஆண்டு ராமானுஜன் எழுதினார். அதைச் செய்து முடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. 1994-ம் ஆண்டு வரை வாழ்ந்த அவர் மனைவி, தையல் கூலியில் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டார்!