மந்தையோடு ஆறு நாள்

அமெரிக்காவின் மொன்டானா, 1889-ல் தனி மாநிலமானது. அதன் நூற்றாண்டுக்கு மேடைப் பேச்சு மட்டும் போதவில்லை. 1989 செப்டம்பரில் 2,000-க்கும் மேற்பட்ட மாடுகளை ரவுண்டப்பிலிருந்து பில்லிங்ஸ் வரை, குதிரையேறி ஆறு நாள் ஓட்டிச் சென்றார்கள்.

பழைய கௌபாய்களின் வாழ்க்கை கடினமானது. விடியுமுன் சேணம் பூட்ட வேண்டும். மாட்டை விரட்டக்கூடாது; மேயவிட்டே நடத்த வேண்டும். இல்லையேல் சந்தையில் எடை இருக்காது. கடைசியில் வருபவருக்குப் புழுதிதான். மூக்கை மூடத் துணி. 1866-ல் சார்லஸ் குட்நைட் அமைத்த சமையல் வண்டியே அவர்களுக்கு வீடு. இரவுக் காவலர் பாடியபடியே மந்தையைச் சுற்றுவார். மாடுகள் மிரண்டு ஓடினால் உயிருக்கே ஆபத்து.

ரயிலும் முள்வேலியும் அந்தத் தொழிலை முடித்துவிட்டன. ஆனாலும் தாத்தாக்கள் பட்ட பாட்டைப் பேரன்கள் ஆறு நாளாவது பட்டுப் பார்த்தார்கள். ஊரைவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்?