நின்றுபோன பேனா
எழுத்து வராதபோது எழுத்தாளர் என்ன செய்வது? ஆர்.கே. நாராயணின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்.

பெங்களூர், 1930ஆம் ஆண்டின் விஜயதசமி நாள். பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தில், புதிதாக வாங்கிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார் அந்த இளைஞர். கையில் பேனா இருந்தது. கதைதான் இல்லை. பேனாவைக் கடித்தபடி யோசித்தவரின் மனதில் ஒரு சின்ன ரயில் நிலையம் தெரிந்தது. பெயர் மால்குடி. ஊர் பிறந்த பின் மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவன் சுவாமிநாதன், திங்கட்கிழமையையும் கணக்குப் பாடத்தையும் வெறுத்த சிறுவன்.

கேட்க அதிர்ஷ்டக் கதைபோல இருக்கும். ஆனால் சென்னையில் பிறந்த நாராயணுக்கு எழுத்து லேசில் கைகொடுத்துவிடவில்லை. கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்றவர் அவர். கிடைத்த ஆசிரியர் வேலையையும் சில நாட்களிலேயே விட்டுவிட்டார். சுவாமியின் கதையை லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். வெறுத்துப்போய், கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த நண்பருக்கு எழுதினார். நல்லவேளையாக நண்பர் சொன்னபடி கேட்கவில்லை. பிரதியை நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் முயற்சியில் 1935இல் ‘சுவாமியும் நண்பர்களும்’ வெளிவந்தது. 1938க்குள் மேலும் 2 நாவல்கள் வந்துவிட்டன.

பேனா நின்றது அதன் பிறகுதான். ஜாதகம் பொருந்தவில்லை என்று பெரியவர்கள் தயங்கியும் 1934இல் விரும்பி மணந்துகொண்ட மனைவி ராஜம், 1939இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். நாராயணுக்கு அப்போது வயது 32. வீட்டில் தாயில்லாத சிறு பெண் குழந்தை. இனி எழுதவே முடியாது என்று தோன்றிய நாட்கள் அவை. ஆறுதல் தேடி ஆவியுலகத் தொடர்பு முயற்சிகளில்கூட ஈடுபட்டார்.

அடுத்த நாவல் வர 1945 ஆயிற்று. ‘த இங்கிலீஷ் டீச்சர்’ என்ற அந்த நாவலின் நாயகன் கிருஷ்ணன், கல்லூரி ஆசிரியர். மனைவி சுசீலா டைஃபாய்டில் இறக்கிறாள். கையில் ஒரு பெண் குழந்தை. ஆவியுலகத் தொடர்பும் கதையில் வருகிறது. எந்தத் துயரம் பேனாவை நிறுத்தியதோ, அதையே எழுதித்தான் நாராயண் மீண்டார். துக்கத்தைக் கிருஷ்ணன் என்ற இன்னொருவனுக்குக் கொடுத்த பிறகு, அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அவரால் முடிந்தது.

மற்ற பாத்திரங்களை அவர் தேடிய இடம் மைசூரின் தெருக்கள். தினமும் நெடுந்தூரம் நடப்பார். கடைக்காரர்கள், வக்கீல்கள், குமாஸ்தாக்கள் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நின்று பேசுவார். அவர் நடத்திய பத்திரிகையை அச்சடித்த அச்சக நண்பர்தான் ‘மிஸ்டர் சம்பத்’ ஆனார். ‘ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலின் மார்கையாவோ கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து விவசாயிகளுக்குக் கடன் மனு எழுதிக்கொடுக்கிறவர். இப்படிப்பட்டவர்களை அநேகமாக எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவார்கள் என்று கேட்டுப் பார்த்தால் கதை கிடைக்கும். மார்கையாவுக்கு வேண்டியது பணம். அதன் பின்னாலேயே போகிறது நாவல்.

‘கைடு’ உருவானது வேறு விதத்தில். மைசூரில் மழை பொய்த்தபோது காவிரியில் புரோகிதர்கள் நின்று பிரார்த்தனை செய்ததிலிருந்து அதன் கரு கிடைத்தது. 1956இல் அமெரிக்கா போகும் வழியில் லண்டனில் கிரீனைச் சந்தித்தார். நாயகன் சாக வேண்டுமா, வேண்டாமா? செத்தே ஆக வேண்டும் என்றார் கிரீன். முடிவு தெரிந்தாயிற்று, அந்த மனிதனின் வாழ்க்கையைத்தான் இனிக் கண்டுபிடிக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் தினமும் எழுதினார். சிறையிலிருந்து வெளியே வந்து, ஊராரால் சாமியாராக்கப்படும் ராஜு அப்படித்தான் உருவானான். 1958இல் வெளிவந்த அந்த நாவலுக்கு 1960இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நாராயண் 2001இல் காலமானார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எழுத்துக் கனவோடு அங்கே போகிற இளைஞர்கள் ஜன்னல்கள் நிறைந்த அந்த மாடி அறையைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். ஆனால் மால்குடி பிறந்தபோது அந்த வீடே இல்லை. அன்று நாராயணிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நேரம். அவ்வளவுதான்.