கொங்கண் கரையோரம் – 3: ஒரு பயணத்துக்கு ஒரு வட்டாரம்

மும்பை கோவண்டியிலிருந்து காரில் தெற்கே கிளம்புகிறவர்கள் மான்குர்து, வாஷி பாலம், பன்வேல் என்று போய் தேசிய நெடுஞ்சாலை 66ஐப் பிடிக்கிறார்கள். கன்னியாகுமரி வரை போகும் மேற்குக்கரைச் சாலை என்பதால், வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று பலரும் நம்புகிறார்கள். ராய்கட், ரத்னகிரி மாவட்டங்களில் அந்த நம்பிக்கை பலிக்காது. மகாட், சிப்ளூன், சங்கமேஷ்வர் என்று அந்தச் சாலை கரையை விட்டு விலகி, சகியாத்ரி மலைப்பக்கமாகவே ஓடுகிறது.

இதற்குக் காரணம் ஆறுகள். மலையில் பிறந்து குறுகிய தூரத்திலேயே கடலைச் சேரும் இந்த ஆறுகள், முகத்துவாரத்தில் அகன்று, கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளாகிவிடுகின்றன. நெடுஞ்சாலை சாவித்திரியை மகாட்டிலும், வாசிஷ்டியைச் சிப்ளூனிலும் ஒடுக்கமான இடம் பார்த்துக் கடக்கிறது. அதே ஆறுகளைக் கடலோரமாகக் கடக்க நினைப்பவர்கள் பாண்கோட்டிலும் தாபோலிலும் வண்டியேற்றும் படகுகளை நம்பியே போய்வந்திருக்கிறார்கள். ஆகவே கொங்கண் கரையை வகுத்திருப்பவை இந்தக் கழிகளே. பாண்கோட் கழிக்கு வடக்கே ராய்கட்: அலிபாக், முருட், கடல் நடுவே ஜஞ்ஜிரா கோட்டை. அங்கிருந்து விஜயதுர்க் கழி வரை ரத்னகிரி: ஹர்ணை, குஹாகர், கண்பதிபுளே, பர்மாவின் கடைசி மன்னர் தீபா 1916இல் சாகும்வரை சிறைவைக்கப்பட்டிருந்த ரத்னகிரி நகரம். அதற்குத் தெற்கே கோவா எல்லை வரை சிந்துதுர்க்: தேவ்கட், வெங்குர்லா, 1664இல் சிவாஜி கட்டத் தொடங்கிய கடற்கோட்டை நிற்கும் மால்வண். ஒரு பயணத்துக்கு இவற்றில் ஒரு வட்டாரமே சரியான அளவு.

கிடைக்கும் சில நாள் விடுமுறையில் முழுக் கரையையும் பார்த்துவிட வேண்டாமா என்று கேட்கலாம். விடுமுறை குறைவு என்பதே வட்டாரமாகப் பிரிப்பதற்கான முதல் நியாயம். தேர்ந்த வட்டாரம் வரை நெடுஞ்சாலையில் விரைந்து போய், அங்கே மேற்கே திரும்பினால் மிச்சப் பொழுதெல்லாம் கடலோரத்துக்கே கிடைக்கும். கழிகளின் மேல் பாலங்கள் வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறாதா என்பது அடுத்த கேள்வி. பாலம் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். குன்றுகளை வளைந்து வளைந்து ஏறி இறங்கும் ஒடுங்கிய சாலை அப்படியேதான் இருக்கும். மழைக்காலத்தில்தானே கொங்கண் பச்சைப்பசேலென்று இருக்கும் என்பவர்கள், 2016 ஆகஸ்ட் 2 இரவை மறக்கக் கூடாது. அன்று சாவித்திரி வெள்ளத்தில் மகாட் அருகே பழைய பாலம் இடிந்து, பேருந்துகள் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டன. மழையில் மலைச்சாலைகளில் மண் சரியும். கடல் கொந்தளிப்பதால் கோட்டைகளுக்குப் படகும் ஓடாது. அக்டோபருக்குப் பிறகு கிளம்புவதே விவேகம்.

ஆகவே திட்டம் போட உட்காரும்போது, ஆறுகள் கடலில் சேரும் இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை அடுத்தடுத்த விடுமுறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.