வாசுதேவன் பாஸ்கரன்

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு: ஆகஸ்ட் 17, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் வளைதடிப் பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணிக்கு இவர் தலைமை தாங்கினார். ஹாக்கி என்று பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் இந்தியா பெற்ற எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அதுவாகும். அதன் பின்னர் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை இந்தியாவுக்கு இவ்விளையாட்டில் தங்கம் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர் இவர் 1998, 2006 ஆகிய ஆண்டுகளின் உலகக் கோப்பைகளிலும் 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். அணித்தலைவராகப் பெற்ற உச்ச வெற்றி, பயிற்சியாளராக இவருக்கு வாய்க்கவில்லை. இவ்விரு காலங்களுக்கும் இடையே வளைதடிப் பந்தாட்டம் அடைந்த மாற்றங்களை அறிந்தால்தான் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இயலும்.

ஆட்டக்காரராக

பாஸ்கரன் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணியில் பிறந்தவர். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர். இவர் நடுவரிசை ஆட்டக்காரர். பதினொருவர் கொண்ட அணியில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே நின்று, எதிரணியின் தாக்குதலைத் தடுப்பதும், கைப்பற்றிய பந்தை முன்வரிசைக்கு அனுப்புவதும் இவ்வரிசையினரின் பணியாகும்.

1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் இவர் இந்திய அணியில் இடம்பெற்றார். ஒலிம்பிக் வளைதடிப் பந்தாட்டம் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடைபெற்றது அங்குதான். 1928 முதல் எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்று வந்த இந்தியா, அங்கே ஏழாம் இடத்தையே பெற்றது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் ஆகியவை முதல் மூன்று இடங்களைப் பிடித்தன.

மாஸ்கோ ஒலிம்பிக், 1980

மாஸ்கோவுக்குச் சென்ற 16 பேர் கொண்ட அணியில், முன்னர் ஒலிம்பிக்கில் ஆடியிருந்தவர்கள் பாஸ்கரனும் இலக்குக் காவலர் பீர் பகதூர் செத்ரியும் மட்டுமே. முகமது சாகித், மெர்வின் பெர்னாண்டஸ், சாபர் இக்பால் முதலிய மற்றவர்கள் அனைவரும் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள். பங்கேற்ற ஆறு நாடுகளும் ஒரே பிரிவில் ஒன்றோடொன்று மோதின. இந்தியாவின் ஆட்ட முடிவுகள் வருமாறு:

* தான்சானியா: 18-0, வெற்றி
* போலந்து: 2-2, சமநிலை
* எசுப்பானியா: 2-2, சமநிலை
* கியூபா: 13-0, வெற்றி
* சோவியத் ஒன்றியம்: 4-2, வெற்றி

பிரிவில் முதலிரு இடங்களைப் பெற்ற எசுப்பானியாவும் இந்தியாவும் சூலை 29 அன்று இறுதி ஆட்டத்தில் மீண்டும் சந்தித்தன. 3-0 என முன்னிலை பெற்றிருந்த இந்தியாவை எசுப்பானியா நெருங்கி வந்தது. முடிவில் 4-3 என்ற கணக்கில் இந்தியா வென்றது. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல்களையும், எம். கே. கௌசிக், முகமது சாகித் ஆகியோர் ஒவ்வொரு கோலையும் அடித்தனர்.

வெற்றியின் மதிப்பு

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மான்ட்ரியாலில் பதக்கம் வென்ற மூன்று அணிகளும் மாஸ்கோவுக்கு வரவில்லை. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து ஆகியவையும் பங்கேற்கவில்லை. இதனால் இந்தத் தங்கத்தின் மதிப்பைக் குறைத்துக் கூறுவோர் உண்டு.

எண்களைக் கொண்டு இதனை ஆராயலாம். இந்தியா ஆறு ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தது. அவற்றுள் 31 கோல்கள் தான்சானியாவுக்கும் கியூபாவுக்கும் எதிரானவை. எஞ்சிய நான்கு ஆட்டங்களில் 12 கோல்கள் அடித்து, 9 கோல்களை விட்டுக்கொடுத்தது. வலிமை மிக்க அணிகள் வராதது உண்மையே. எனினும் வந்திருந்த ஐரோப்பிய அணிகளை இந்தியா எளிதில் வென்றுவிடவில்லை என்பதும் இக்கணக்கிலிருந்து தெளிவாகிறது.

ஆட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

புல்தரையிலும் மண்தரையிலும் பந்து சீராக உருளாது. அதைத் தடியால் நிறுத்திக் கட்டுப்படுத்தும் மணிக்கட்டுத் திறனே அங்கு முதன்மையானது. இந்திய வீரர்கள் இத்திறனில் தலைசிறந்து விளங்கினர். செயற்கைத் தரையில் பந்து சீராகவும் விரைவாகவும் செல்லும். ஆகவே ஓட்ட வலிமை, நீண்ட தூரப் பந்துக் கடத்தல், பெனால்டி கார்னர் வாய்ப்பைக் கோலாக்குதல் ஆகியவை முன்னிலை பெற்றன. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய தரைகள் விரைவில் பரவின. இந்தியாவிலோ, தென்தமிழ்நாட்டின் வளைதடிப் பந்தாட்ட ஊரான கோவில்பட்டி உட்படப் பல இடங்களில், மாணவர்கள் நெடுங்காலம் மண்தரையிலேயே பயின்றனர்.

விதிகளும் மாறின. 1992 முதல் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே அழைத்து, மீண்டும் களமிறக்கலாம் என்றானது. 1990களின் பிற்பகுதியில் ஆப்சைடு விதி நீக்கப்பட்டது. பாஸ்கரன் ஆடிய காலத்தில், ஆட்டம் தொடங்கிய பின் பெரும்பாலான முடிவுகளைக் களத்தில் நிற்கும் அணித்தலைவரே எடுத்தார். புதிய விதிகளால் யாரை எப்போது இறக்குவது, எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்பன பயிற்சியாளரின் பொறுப்பாயின.

பயிற்சியாளராக

1998ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த உலகக் கோப்பையில் பாஸ்கரன் பயிற்றுவித்த இந்திய அணி ஒன்பதாம் இடம் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் நடந்த பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு, மாஸ்கோவில் இவருடன் ஆடிய கௌசிக் பயிற்சியாளராக இருந்தார். அங்கு 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. ஆயினும் கௌசிக்கும் அப்பதவியில் நீடிக்கவில்லை. வென்ற அணியின் மூத்த ஆட்டக்காரர் சிலரும் நீக்கப்பட்டனர். தோல்வியுற்ற பயிற்சியாளர் மட்டுமன்றி, வென்ற பயிற்சியாளரும் மாற்றப்பட்ட காலம் அது.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு மீண்டும் பாஸ்கரன் பொறுப்பேற்றார். அர்ஜென்டினாவையும் எசுப்பானியாவையும் வென்று, ஆஸ்திரேலியாவுடன் சமநிலை கண்ட இந்தியா, தென் கொரியாவிடம் தோற்றது. இறுதிப் பிரிவு ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதிக்குச் செல்லலாம் என்ற நிலை இருந்தது. 1-0 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே இருக்கையில் போலந்து ஒரு கோல் அடித்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அரையிறுதி வாய்ப்பை இழந்த இந்தியா ஏழாம் இடம் பெற்றது. மாஸ்கோவிலும் போலந்துடன் சமநிலையே கிட்டியிருந்தது. ஆனால் அங்கு அது தங்கத்தைத் தடுக்கவில்லை.

2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையிலும் இவர் பயிற்சியாளராக இருந்தார். பன்னிரண்டு அணிகளுள் இந்தியா பதினொன்றாம் இடம் பெற்றது.

பிற்காலச் சூழல்

மாஸ்கோவுக்குப் பின் இந்தியாவின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கிடைத்த வெண்கலமாகும். 2024 பாரிசில் மீண்டும் வெண்கலம் கிடைத்தது. இவ்விரு அணிகளிலும் இலக்குக் காவலராக இருந்த பி. ஆர். சிறீஜேஷ், பாரிஸ் ஒலிம்பிக்குடன் ஓய்வு பெற்று இந்திய இளையோர் அணியின் பயிற்சியாளரானார்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. இதற்கென மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் செயற்கைத் தரையுடன் கூடிய அரங்கம் அமைக்கப்பட்டது. அங்கு ஆடிய ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை 5-0 என வென்ற இந்தியா, தொடரின் முடிவில் வெண்கலப் பதக்கம் பெற்றது. பாஸ்கரனைப் போலவே சிறீஜேசும் ஒலிம்பிக் பதக்கத்துடன் பயிற்சிப் பணிக்கு வந்தவர். எனினும் அவர் பயிற்றுவித்தது செயற்கைத் தரையிலும் புதிய விதிகளிலும் வளர்ந்த தலைமுறையை ஆகும்.

விருது

இந்திய அரசின் அர்ச்சுனா விருது 1979-80ஆம் ஆண்டுக்காகப் பாஸ்கரனுக்கு வழங்கப்பட்டது.