சுடாமல் விட்டால் மட்டும் போதாது

பறவைப் பாதுகாப்பு என்றதும் கல்பாக்கத்துக்காரர்களுக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் எழுதி வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஊரார் கணக்கு தெளிவானது. தண்ணீர் நின்று, மரமும் இருந்து, தொந்தரவு இல்லையென்றால் நாரை வந்துவிடும்.

மழைக்காட்டுப் பறவையான இருவாச்சி அப்படி வராது.

கூடுகட்டும் காலத்தில் பெட்டை, பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையுமளவு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே அது சிறகுகளை உதிர்த்துவிட்டு அடைகாக்க, மாதக்கணக்கில் ஆண் பறவைதான் அத்திப்பழமும் காட்டுப்பழமும் கொண்டுவந்து ஊட்டும். பழமரம் இல்லாத காட்டில் இந்தக் குடித்தனம் நடக்காது.

சென்னையில் வளர்ந்த டி.ஆர்.சங்கர் ராமன் மழைக்காட்டுப் பறவைகளை ஆராய்ந்தே முனைவர் பட்டம் பெற்றவர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த அவரும் திவ்யா முத்தப்பாவும் கால் நூற்றாண்டாக வால்பாறையில் வேலை செய்கிறார்கள். அங்கே தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே காடு துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளில் பல, தோட்டக் கம்பெனிகளின் கையில். சரணாலய வேலி போட முடியாத இடம். ஆகவே கம்பெனிகளோடு பேசி, கெட்டுப்போன துண்டுகளில் மரம் நடத் தொடங்கினார்கள்.

சாலையோரம் உதிர்ந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி வந்து, நாற்றங்காலில் பைகளில் முளைக்க வைக்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரை வெட்டி ஒதுக்கி, மழைக்காலத்தில் நடுகிறார்கள். மண்டும் களையை மறுபடி எடுக்கிறார்கள். படமெடுக்க ஆள் வராத வேலைதான். ஆனால், சும்மா விட்ட துண்டுகளைவிட நட்ட துண்டுகளில் மழைக்காட்டுப் பறவைகள் நன்றாக மீண்டிருப்பதை ராமனும் பிரியங்கா ஹரிஹரனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விழுங்கிய விதையை இருவாச்சி வேறிடத்தில் கக்குவதால், நடவில் அதற்கும் பங்கு உண்டு.

பொந்துதான் சிக்கல். இன்று நட்ட கன்று, இருவாச்சி நுழையும் பொந்து விழுமளவு பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவந்த பிலாய் பூன்ஸ்வாட், குஞ்சு திருடியவர்களையே கூட்டுக் காவலர்களாக்கியதோடு, செயற்கைக் கூடுகளையும் மரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. வால்பாறையில் இப்போதைக்கு, தோட்டத்து ஓரத்தில் நிற்கும் கிழட்டு மரத்தை வெட்டாமல் விடுவதே கைக்கெட்டும் வழி.