கடற்கரை தந்த கலைஞர் சந்திரபாபு

மாலை வேளையில் கோட்டைக்குப்பத்துக் கரையோரம் நடந்து பாருங்கள். மர நிழலில் பெரியவர்கள் அறுந்த வலைக்கண்களை முடிந்துகொண்டிருப்பார்கள். பக்கத்திலே வானொலியோ கைபேசியோ பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரியும். சிரிப்பதுபோலத் தொடங்கி, சட்டென்று உச்சிக்குத் தாவி உடைந்து, மறுபடி கீழே இறங்கி வரும். "இது யார் குரல், தாத்தா?" என்று கேட்டால், "சந்திரபாபு! வேறு யாரால் இப்படிப் பாட முடியும்?" என்று பெருமையோடு பதில் வரும்.

அந்தக் கலைஞரும் நம்மைப்போல் கடலோரத்தில் பிறந்தவர்தாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நமக்குக் கடலன்னை மீனைத் தருகிறாள். முத்துக் குளித்த தூத்துக்குடி அவரைத் தந்தது. அவருடைய உயர்வையும் தாழ்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நடக்கும் காலத்தில், பரதவர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அதனால் மாதாவின் பெயராலேயே பனிமயதாஸ் என்று பெயரிட்டனர். வீட்டார் செல்லமாக அழைத்த பாபு என்ற பெயரே பிற்காலத்தில் சந்திரபாபு ஆயிற்று. பெயருக்கு முன்னுள்ள ஜே.பி. என்ற எழுத்துகள் ஜோசப் பனிமயதாஸ் என்பதன் சுருக்கம்.

தந்தையார் ரொட்ரிகோ நாட்டு விடுதலைக்காகப் பாடுபட்டவர், பத்திரிகை நடத்தியவர். ஆங்கில அரசின் கெடுபிடியால் குடும்பம் இலங்கைக்குச் செல்ல நேர்ந்தது. கொழும்பு நகரில்தான் சிறுவன் பாபு படித்து வளர்ந்தான். மேல்நாட்டுப் பாட்டும் நடனமும் அவன் மனத்தைக் கவர்ந்தன. 1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியபோது, சினிமா ஒன்றே அவர் கனவாக இருந்தது.

மூடியிருந்த கதவு

1947-இல் 'தன அமராவதி' என்னும் படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஸ்டூடியோ வாசல்களில் காத்துக் கிடந்தார். ஏமாற்றம் தாளாமல் ஒருநாள் ஜெமினி ஸ்டூடியோவில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். இறைவன் அருளால் காப்பாற்றப்பட்டார். இன்னும் சிறிது காலம் பொறுத்திருந்தால் போதும் என்பதை அந்த இளைஞரிடம் எடுத்துச் சொல்ல அன்று அருகில் யாருமில்லை! அதே ஜெமினி நிறுவனத்தார் 1952-இல் தங்கள் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தனர். அடைத்துவிட்டது என்று அவர் நினைத்த கதவே அவருக்குத் திறந்தது.

புகழின் உச்சி

பிறகு அவருக்கு ஏறுமுகம். மேல்நாட்டு மலைவாழ் மக்கள் பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கக் குரலை உடைத்துப் பாடும் முறையை 'யோடலிங்' என்பார்கள். அதைத் தமிழ்ப் பாட்டில் இழையவிட்டவர் சந்திரபாபு. 1954-இல் வெளிவந்த 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்காகப் பின்னணியும் பாடினார். ஆடுவார், பாடுவார், வழுக்கி விழுவதையும் தாளம் தப்பாமல் செய்வார்.

1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனுடன் இரட்டை வேடத்தில் நடித்தார். அவற்றுள் ஒன்று ரிக்‌ஷாக்காரர் வேடம். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், சென்னைத் தெருவின் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார். ஏழைத் தொழிலாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவருக்கே அது வாய்க்கும். அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்திலும் நடித்தார். 1959-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் தாங்கள் எடுத்த 'சகோதரி' படம் திருப்தியாக இல்லை என்று கருதியபோது, பால்காரராகச் சந்திரபாபு நடித்த நகைச்சுவைப் பகுதியைச் சேர்த்தனர். படம் நன்றாக ஓடியது.

சரிவு

நம் பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று முறைவைத்து மீன் பிடிப்பார்கள். இன்று நமக்கு, நாளை அடுத்தவருக்கு. வலை நிறைந்த நாளில் கொஞ்சம் எடுத்துவைத்தால்தான் வெறும் வலை வரும் நாளில் அடுப்பெரியும். இதை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். சந்திரபாபு தம் வலை நிறைந்த நாளில் இதை மறந்துவிட்டார்.

சென்னை கேசவப்பெருமாள்புரத்தில், கார் மாடிக்கே ஏறிச் செல்லும்படியாக ஒரு பெரிய வீடு கட்டத் தொடங்கினார். 1960-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் ஓடவில்லை, கவிஞருக்குப் பெரும் நஷ்டம். எம்.ஜி.ஆரை வைத்துச் சொந்தமாகத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' மனத்தாங்கலால் பாதியில் நின்றுபோயிற்று. கடன் பெருகி, ஆசையாய் எழுப்பிய வீடும் கைவிட்டுப் போனது. 1966-இல் அவரே இயக்கிய ஒரே படம் வெளிவந்தது. நற்செய்தியிலிருந்து எடுத்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்பது அதன் பெயர். புதுமையான முயற்சியாயினும் பணம் தரவில்லை. இதற்குள் நாகேஷ் போன்ற புதிய கலைஞர்கள் வந்துவிட்டனர். மதுப்பழக்கமும் உடலை அரித்தது.

எனினும் அவருக்குக் கைகொடுத்தவர்களும் உண்டு. மனத்தாங்கலை மறந்து எம்.ஜி.ஆர். தம் சொந்தப் படமான 'அடிமைப் பெண்'ணில் (1969) வேடம் கொடுத்தார். இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன் கடைசி வரை உற்ற நண்பராக இருந்தார். 1974 மார்ச் 8-ஆம் நாள், தம் நாற்பத்தாறாம் வயதில், சந்திரபாபு கண்மூடினார்.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை

கிரேக்க நாட்டிலும் ஏறக்குறைய அவர் வயதுடைய நகைச்சுவை நடிகர் ஒருவர் இருந்தார். பெயர் தனாசிஸ் வேங்கோஸ். அவரும் பிரேயஸ் என்னும் துறைமுகத்தை அடுத்த கடலோரப் பகுதியில் பிறந்தவர். 1960-களில் சொந்தப் பட நிறுவனம் தொடங்கி, கடனில் மூழ்கி, அதை மூட நேர்ந்தது. ஆனால் அவர் மீண்டும் பிறர் படங்களில் நடித்து எழுந்தார். முதுமையில் உருக்கமான வேடங்களிலும் புகழ் பெற்று, 2011-இல் எண்பது வயதைக் கடந்து மறைந்தார். இருவருக்கும் வந்த புயல் ஒன்றுதான். ஒருவர் கரை சேர்ந்தார், ஒருவர் சேரவில்லை.

நாம் கற்பது

சந்திரபாபுவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தம் வீட்டில் விளக்கணைந்த பிறகும் பிறர் வீட்டில் சிரிப்பொலியை ஏற்றிவைத்தவர் அவர். ஆனால் எல்லோரையும் சிரிக்க வைப்பவரின் துயரத்தை யாரும் எளிதில் கேட்பதில்லை. நம் வகுப்பிலும் எப்போதும் வேடிக்கை பேசும் தோழி ஒருத்தி இருப்பாள். அவள் ஒருநாள் பேசாமல் அமர்ந்திருந்தால், அருகே போய், "என்னடி, என்ன ஆயிற்று?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி, மூடிய கதவைத் தட்டுவதற்குச் சமம்.

அடுத்த முறை வலை முடியும் தாத்தாவின் அருகே அந்தக் குரல் கேட்டால், சற்று நின்று கேட்டுவிட்டுப் போவோம். அது நம் கடற்கரையின் குரலும் அல்லவா!